கோடாலியைக் கொண்டு வந்து கொடு

என் கோடாலியைக் காடியில ஏத்தி ஓட்டிக்கிட்டுப் போன மகனுக்கு,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேக்கப் போறதில்லை. அதைத்தான் தினமும் போன்ல கேக்குறேனே. "சாப்பிட்டேம்மா, பாலத்துல ஜாம்மா, அப்புறம் கூப்பிடுறேம்மா"ன்னு மூணே பேச்சுல என்னை முடிச்சு வச்சிடுற. சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவுல சும்மா நிக்கிற நேரத்துல பெத்தவ சொல்றதை முழுசா கேட்டா என்ன குறைஞ்சு போகுதோ, எனக்குத் தெரியலை. அதனாலதான் எழுதுறேன். எழுதினதை நடுவுல நிறுத்தி, லைன் சரியில்லைம்மான்னு சொல்ல முடியாது பாரு. விஷயம் ரெண்டு. ஒண்ணு, அடுத்த வாரம் தீபாவளிக்கு நீ நம்ம ஊரு சாஆவுக்கு வரும்போது கோடாலியும் கூட வரணும். ரெண்டு, தை மாசம் உன் கல்யாணத்துல பாதபூஜைக்கு உங்கப்பாவுக்குப் பதிலா பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உக்கார வைக்கலாம்னு போன வாரம் சொன்னியே, அது நடக்காது. எனக்கு இந்த ரெண்டும் ஒரே விஷயம்தான். எப்படின்னு கடைசி வரைக்கும் படிச்சாத்தான் தெரியும். உக்காந்து படி.

முதல்ல உன் தப்பை முடிச்சுக்குறேன், அப்புறம் என் தப்புக்கு வரேன். அந்த ஞாயித்துக்கிழமை நீயும் ஷாமினியும் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி காட்ட வந்தீங்க. நான் கெண்டைக்கால்ல துணியைச் சுத்திக்கிட்டு வாசலுக்கு வந்தேன். முதல் நாள் வெறகு பிளக்கும்போது ரம்புத்தான் மரக் கட்டை ஒண்ணு துள்ளி வந்து அடிச்சிருச்சு, அவ்வளவுதான். மஞ்சப்பத்து போட்டா ஆறிப் போற காயம். நீ என்னமோ போலீஸ்காரன் மாதிரி என் காலைப் பார்த்தே, பின்பக்கம் போனே, கோடாலியைத் தூக்கினே, காடி பின்கதவைத் திறந்து உள்ள போட்டுப் பட்டுன்னு சாத்தினே. "இனிமே இது இங்க இருக்கக்கூடாது"ன்னு சொன்னே. நான் சிரிச்சேன். டவுன்ல வேற கோடாலியே கிடைக்காதாக்கும்னு நெனச்சேன். என் நெனப்பு உனக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, என் கையைப் பிடிச்சு உன் தலை மேலேயே வச்சிக்கிட்டே. "இனி எந்தக் கோடாலியையும் தொடமாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணும்மா"ன்னு சொன்னே. கட்டிக்கப் போற பொண்ணு பக்கத்துல நிக்கிறா. கல்யாணத்தை வச்சிக்கிட்டு இருக்கிற பிள்ளை தலையில கை. எந்த ஆத்தா மாட்டேன்னு சொல்லுவா? சொல்லிட்டு மீறத்தான் எந்த ஆத்தாவுக்குத் துணிச்சல் வரும்? பண்ணினேன். அன்னிக்குச் சாயங்காலமே குடும்ப வாட்சப்புல "அம்மாவின் ஆயுதம் பறிமுதல்"னு படத்தோட போட்டிருக்கே. கூலாய்ல இருக்கிற உன் மாமன் அதைப் பார்த்துட்டு எனக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சிரிச்சான். உனக்கு நல்லா இருக்குடா!

கேஸ் அடுப்பு இருக்கு, ஹீட்டர் மாட்டிக் குடுத்திருக்கேன், எதுக்கும்மா வெறகுன்னு கேக்குற. மாட்டிக் குடுத்தே, இல்லைன்னு சொல்லலை. அந்த ஹீட்டர் குளியலறைக்குள்ள சுவத்துல தொங்குது. உங்கப்பாவோட சக்கர நாற்காலி அந்தக் குளியலறை வாசல்ல பாதிதான் போகுது. மாட்டுறதுக்கு முந்தி வாசலை அளந்து பார்த்தியா? உங்கப்பா குளிக்கிறது பின்பக்கம், தகரக் கொட்டாய்ல, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்துக்கிட்டு. ஒரு அண்டா தண்ணி கொதிச்சாத்தான் எண்ணெய் தேய்ச்ச உடம்புக்குப் பத்தும். கேஸ் அடுப்பு மேல அந்த அண்டாவை வச்சா அடுப்பு நிக்குமா? நீயே ஒரு தடவை தூக்கி வச்சுப் பாரு. பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டு இதுகூட யோசிக்காம "கேஸ், கேஸ்"னு சொன்னா எனக்குக் கோபம் வருமா வராதா?

உனக்கு வெறகுன்னா குப்பை. உங்கப்பாவுக்கு அதுதான் நாள்காட்டி. பொங்கல் முடிஞ்சு வெயில் ஏறி, ரப்பர் பால்மரம் இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும் பாரு, அப்ப தோட்டத்துல பழைய மரத்தைச் சாய்ச்சிட்டு செம்பனை நடுவாங்க. உங்கப்பா லோரியில அந்தக் கட்டைகளைக் கொண்டாந்து இறக்குவாரு. பால்மரத்தை ஈரம் இருக்கும்போதே பிளக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு விட்டா வண்டு துளைச்சு மாவு கொட்டிரும். நடுவருஷம் பழக்காலம் முடிஞ்சா ரம்புத்தான் கிளையைக் கழிக்கணும். தீபாவளிக்கு முந்தி எல்லாம் தகரத்துக்கு அடியில ஏறிடணும். அப்புறம் வருஷக் கடைசி மழை புடிச்சிக்கிச்சுன்னா வானமே தெரியாது, உக்காந்து எரிக்க வேண்டியதுதான். வெறகை எப்பவும் பட்டை மேல பார்க்க அடுக்குவாரு, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல காத்து போகணும்னு இடம் விடுவாரு. இது எதுவும் தெரியாம, அவரு வாதம் வந்து விழுந்த அந்த மழைக்காலத்துல நீ வந்து பெரிய கான்வாஸ் வாங்கி, வெறகைச் சுத்திச் சுத்தி மூடி, ராஃபியாக் கயித்தால இறுக்கிக் கட்டிட்டுப் போனே. அக்கறைதான், இல்லைன்னு சொல்லலை. பத்து நாள் கழிச்சு அவுத்தா உள்ள காளான் பூத்திருக்கு. ரெண்டு வரிசையை நான் ஒத்தையா வெயில்ல காய வச்சேன். நீ பண்ற நல்லதெல்லாம் இப்படித்தான்டா. காத்துப் போக வழியில்லாம மூடிட்டு, வேலை இருக்குன்னு போயிடுற.

சரி, என் தப்புக்கு வரேன். கல்யாணம் ஆன முதல் வருஷம், உங்கப்பா மழைக்குன்னு அடுக்கி வச்சிருந்த காஞ்ச வெறகையெல்லாம் வெயில் காலத்துலேயே எடுத்து எரிச்சிட்டேன். கைக்கு எட்டினதை எடுத்தேன், எனக்கு என்ன தெரியும்? மழை வந்துச்சு, வீடு பூரா புகை. அவரு கண்ணைக் கசக்கிக்கிட்டே, "அறிவிருக்கா உனக்கு?"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. அதுக்கு நான் பதினோரு நாள் அவரோட பேசலை. பசியாற வச்சேன், சோறு போட்டேன், துணி துவைச்சேன், வாயை மட்டும் திறக்கலை. அவரு கெஞ்சினாரு. பன்னெண்டாம் நாள் அடுப்புக்கிட்ட வந்து நின்னு, "திட்டவாவது செய், இப்படி இருக்காதே"ன்னு சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம், ஜெயிச்சிட்டேன்னு. அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை அப்படிப் பண்ணியிருக்கேன். சும்மா இருந்தே ஒரு மனுஷனை எப்படி வதைக்கலாம்னு எனக்கு நல்லாத் தெரியும். இன்னிக்கு அந்த வதை எனக்குத் திரும்பி வந்திருக்கு. அவரு வேணும்னு பண்ணலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூணு வருஷத்துக்கு முந்தி அவரு விழுந்தது உனக்குத் தெரியும். வலது கை போச்சு, கால் போச்சு, பேச்சும் போச்சு. கிளினிக்லேருந்து பேச்சு சொல்லிக் குடுக்க வர்ற மிஸ்ஸி படம் போட்ட அட்டையைக் காட்டும். ஆப்பிள், பூனை, குடை. அவரு கண்ணை மூடிக்குவாரு. எட்டு மாசம் ஒரு எழுத்து வரலை. அந்த எட்டு மாசமும் நான் அவரு பிளந்து வச்ச வெறகைத்தான் எரிச்சேன். ஒவ்வொரு வரிசையா குறைஞ்சு, ஒரு நாள் காலையில கொட்டாய் காலியா இருந்துச்சு. கடைசிக் கட்டையை எரிக்க மனசே வரலை, ஆனா அவரு குளிக்கணுமே. அப்பத்தான் ரம்புத்தான் கழிக்கிற நேரம். அடுத்த வீட்டு ஆ செங் அங்கிள் மெஷின் போட்டுக் கிளையைத் துண்டு துண்டா அறுத்துக் குடுத்துட்டுப் போனாரு. பிளக்க ஆளில்லை. நான் கோடாலியை எடுத்தேன். வாழ்க்கையில முதல் தடவை. ஓங்கிப் போட்டேன், கோடாலி கட்டையில மாட்டிக்கிச்சு, இழுத்தா வரலை. அப்ப பின்னறை ஜன்னல்லேருந்து ஒரு சத்தம். "கணுடி!"ன்னு.

நான் அப்படியே நின்னுட்டேன். திரும்பிப் பார்த்தா உங்கப்பா, ஜன்னலோரக் கட்டில்ல உக்காந்தபடி, நல்லா இருக்கிற இடது கையால கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, மூஞ்சி செவந்து போய்ப் பார்க்குறாரு. "என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டேன். "கணு! கணு!"ன்னு கத்துறாரு. கிளை முளைச்ச இடத்துல முடிச்சா இருக்குமே, அந்தக் கணுவுல போய்ப் போட்டிருக்கேன். கட்டையைத் திருப்பி வச்சு, வெடிப்பு ஓடுற பக்கமா பார்த்துப் போட்டேன். ரெண்டா விழுந்துச்சு. உடனே அவரு வாயும் மூடிக்கிச்சு. நான் கோடாலியைக் கீழ போட்டுட்டு அங்கேயே உக்காந்து அழுதேன். அதுக்கும் அவரு எரிச்சலாத்தான் பார்த்தாரு.

அன்னிக்கு ஆரம்பிச்சது. நான் வெறகு பிளந்தா அவரு திட்டுவாரு. வேற எதுக்கும் பேச்சு வராது. தண்ணி வேணும்னா சொல்ல வராது, வலிக்குதுன்னு சொல்ல வராது, என் பேரு வராது. கோடாலியைத் தப்பாப் போட்டா மட்டும் வரும். "கோணல்", "எரும", ஐயோன்னு மலாய்க்காரங்க சொல்ற "அலமாக்". சிலிப்பர் போட்டுக்கிட்டு நின்னேன்னு வை, "சிலிப்பர்! சிலிப்பர்!"னு தெருவுக்கே கேக்கும். ஒரு நாள் கட்டையைக் கையால பிடிச்சிக்கிட்டே ஓங்கினேன், "கையை எடுடி, கையை!"ன்னு முழுசா ஒரு வாக்கியம் வந்துச்சு. மிஸ்ஸிகிட்ட சொன்னேன். "அப்படித்தான் அம்மா சில பேருக்கு, கோபத்துல தானா வந்துடும், கேட்டா வராது"ன்னு சொல்லிச்சு. எப்படி வந்தா என்ன, வருதே! இந்த வீட்டுல எனக்குன்னு விழுற வார்த்தை அந்த நாலு திட்டுதான்டா. அதுக்காகவே தினமும் காலையில பசியாறிட்டு ரெண்டு கட்டை பிளந்தேன். தேவைக்கு மேல கொட்டாய் ரொம்பிப் போச்சு.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேப்பே. சொல்ல வந்தேன். ஒரு தடவை அவரு கத்திக்கிட்டு இருக்கும்போதே உனக்குப் போன் போட்டு ஜன்னலுக்கு நேரா நீட்டினேன். நீ "அம்மா மீட்டிங், மெசேஜ் பண்ணும்மா"ன்னு வச்சிட்டே. "உங்கப்பா என்னை எரும மாடுன்னு சொன்னாரு, வந்து கேளு"ன்னா மெசேஜ் பண்றது? வீம்பா விட்டுட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமைகள்ல நீ வரும்போது நான் சமையல்ல இருப்பேன், கோடாலியை எடுக்கமாட்டேன். நீ அவரு காதுகிட்ட போய், "அப்பா! எப்படி இருக்கீங்க!"ன்னு செவிட்டு ஆளுக்குச் சொல்ற மாதிரி கத்துவே. அவருக்குக் காதுல ஒரு கோளாறும் இல்லை. அதான் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. இன்னும் உண்மையைச் சொல்லணும்னா, அந்தத் திட்டை உன்னோட பங்கு போட எனக்கு மனசு வரலை. அது என்னுதுன்னு வச்சிக்கிட்டேன். தப்புதான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா பிளந்ததுல எனக்குக் கை வந்திருச்சுடா. கணு எங்க, வெடிப்பு எங்கன்னு பார்த்தவுடனே தெரியுது. ஒரே போடுல பிளக்குறேன். ஆனா ஒழுங்காப் பிளந்தா அவரு ஏன் வாயைத் திறக்கப் போறாரு? சும்மா பார்த்துக்கிட்டு இருப்பாரு. அதனால வேணும்னே கோணலாப் போடுவேன். வேணும்னே சிலிப்பரோட நிப்பேன். அன்னிக்கும் அப்படித்தான், கணுன்னு தெரிஞ்சே அது மேல போட்டேன், கட்டை துள்ளிக் கால்ல அடிச்சிருச்சு. எனக்கு வயசாயிருச்சு, கை நடுங்குது, வெட்டத் தெரியலைன்னு நீ நெனச்சிக்கிட்டு இருக்கே. ஒண்ணும் இல்லை. கட்டுன புருஷன்கிட்ட திட்டு வாங்கணும்னு பண்ணின கூத்து அது. சிரிக்கணும்னா சிரி, ஆனா வாட்சப்புல போட்டே, தொலைச்சிடுவேன்.

நீ கோடாலியைத் தூக்கிட்டுப் போனதை அவரு ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அன்னிக்கு மூடின வாய்தான், ஏழு வாரமா திறக்கலை. பாராங் கத்தியால சில்லு சில்லா வெட்டிப் பார்த்தேன், அது கோடாலி இல்லையே, சத்தியத்துக்குப் பழுதில்லைன்னு. அவரு ஏறெடுத்தும் பார்க்கலை. போன்ல எவனோ வெறகு வெட்டுற வீடியோவைக் காட்டினேன். மிஸ்ஸியோட பூனைப் படத்தைப் பார்க்குற மாதிரி பார்த்தாரு. முந்தி நான் பின்பக்கம் போனாலே கட்டில்ல எழுந்து உக்காருவாரு. இப்ப சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிறாரு. சாப்பாடு பாதிதான் இறங்குது. அறுத்துப் போட்ட ரம்புத்தான் துண்டெல்லாம் மழையில ஊறிக் கிடக்கு. நேத்து ஆ செங் அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, "அக்கா, காயு சுடா புசோக் லா"ன்னு சொன்னாரு. கட்டையெல்லாம் அழுகுதுன்னு அவரு சொன்னாரு, நான் ஜன்னலைத்தான் பார்த்தேன்.

இந்த நேரத்துலதான் நீ போன் போட்டு, ரொம்பப் பக்குவமா, "அப்பாவை மேடையில ஏத்த வேணாம்மா, பாதபூஜைக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உக்காரட்டும், அப்பா முன் வரிசையில நாற்காலியில இருக்கட்டும்"னு சொல்றே. அவரு உயிரோட இருக்காரு, நான் அவரு பொண்டாட்டியா உயிரோட இருக்கேன், எங்க பிள்ளை வேற ரெண்டு பேரு காலைக் கழுவுவான், நாங்க கீழ உக்காந்து கைதட்டணுமா? மண்டபத்துப் படியில நாலு பேரு சேர்ந்து தூக்கினா ஏறாதா அந்த நாற்காலி? அதுகூடப் பரவாயில்லை. "அவருக்கு என்ன நடக்குதுன்னே புரியாதும்மா"ன்னு சொன்னே பாரு, அப்ப எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டே, எந்தக் கட்டையில எந்தப் பக்கம் கணு இருக்குன்னு தெரியுது அந்த மனுஷனுக்கு. பெத்த மகன் கல்யாணம் புரியாதா? புரியாதது உனக்குத்தான்.

கல்யாணம் பண்ணிக்கப் போற, ஒண்ணு சொல்றேன், கேட்டா கேளு, கேக்காட்டிப் போ. ஷாமினி நல்ல பொண்ணு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஜாஸ்தியாவே இருக்கட்டும். அவ கத்துற நாள்ல நீ பயப்பட வேணாம், கதவைச் சாத்திக்கிட்டு போனை நோண்ட வேணாம், நின்னு கேளு. கத்துறதை அவ நிறுத்திட்டான்னா அன்னிக்குப் பயப்படு. அப்புறம், அவளுக்கு நல்லது பண்றேன்னு அவ கையில இருக்கிற எதையும் கேக்காமப் பிடுங்காதே. எதுக்கு வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேளு. என்கிட்ட அன்னிக்குக் கேட்டிருந்தா, வெக்கத்தை விட்டுட்டு வாசல்லேயே சொல்லியிருப்பேன். ஷாமினி கேட்டுச்சு தெரியுமா? நீ காடியைத் திருப்பும்போது என்கிட்ட வந்து, "ஆன்ட்டி, அங்கிள் ஏன் ஜன்னலைத் தட்டுறாரு?"ன்னு. நான்தான் ஒண்ணுமில்லைமான்னு மழுப்பிட்டேன்.

இப்ப நான் சத்தியத்தை வாபஸ் வாங்குன்னு உன்னைக் கேக்கலை. உன் தலையில வச்ச கை, அது அப்படியே இருக்கட்டும், நான் தொடமாட்டேன். நீ பிளக்கக்கூடாதுன்னு யாரு மேலேயும் யாரும் சத்தியம் பண்ணலையே. தீபாவளிக்கு முதல் நாள் காலையிலேயே வா. காடியிலேருந்து கோடாலியை எடு, நேரா பின்பக்கம் போ, ஜன்னலுக்கு எதிர்ல நில்லு, கையில கிடைச்ச கட்டையை வச்சுப் போடு. உனக்கு ஒரு எழவும் தெரியாது, அதுதான் இப்ப எனக்கு வேணும். நான் நடிச்சுத் தப்பு பண்ணணும், நீ நிஜமாவே தப்புத் தப்பாப் போடுவே. எனக்கு நாலு வார்த்தைன்னா உனக்கு நாப்பது வரும். திருப்பிப் பேசாதே, சிரிக்காதே, அழவும் செய்யாதே, அவருக்குப் பிடிக்காது. திட்டு முடியிற வரைக்கும் நின்னு வாங்கிக்கோ. அதுக்கப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு உள்ள வந்து, மேடையில யாரு காலைக் கழுவப் போறேன்னு என்கிட்ட சொல்லு.

கால் விரலை மூடுற கனமான சப்பாத்து ஒரு ஜோடி கொண்டு வா, அதைப் போட்டுக்கிட்டுத்தான் வெட்டணும். ஆனா காடியை விட்டு இறங்கும்போது சிலிப்பரோட இறங்கு. கோடாலியைத் தோள்ல வச்சிக்கிட்டு, சிலிப்பரைச் சரட் சரட்டுன்னு தேய்ச்சபடி ஜன்னல் பக்கமா ஒரு தடவை நடந்து போ. அவரு ஒரு தடவை கத்தட்டும். கேட்டுட்டு அப்புறம் மாத்திக்கோ.

அம்மா